யாருடைய பழைய நாட்கள்?



நினைவுப் பேருரையில் மறைந்தவரின் பெருமை பேசுவது வழக்கம். நாம் இன்று நினைவு என்பதையே பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். நினைவு விற்பனைக்கு வந்து, பெரும் விலைக்குப் போய், பிறகு கேட்பாரற்று மூடப்பட்ட ஒரு கதை அது. கதை நடந்தது இங்கிலாந்தில். நம் சேரிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள்.

'நாஸ்டால்ஜியா' என்ற சொல் முதலில் ஒரு நோயின் பெயர். 1688இல் பாசல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டுக்காக உருவாக்கியது. வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். அயல்நாடுகளில் கூலிக்குப் போரிடப் போன சுவிஸ் படைவீரர்கள் ஊர் நினைப்பில் உருகி நோயில் விழுந்ததோடு இந்தச் சொல் நெடுங்காலம் சேர்த்துப் பேசப்பட்டது. நாமும் 'ஊர் நினைப்பு' என்றுதான் சொல்கிறோம். ஆனால் நம் மொழியில் ஊர் என்றால் சேரி நீங்கலாக என்று பொருள். சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது.

வடக்கு லண்டனில் ஜூலி பாங்க்ஹர்ஸ்ட் என்ற பெண்ணுக்கு, தம்மோடு பள்ளியில் படித்தவர்கள் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று அறியும் ஆவல் வந்தது. அப்போது அவர் கருவுற்றிருந்தார். கணவர் ஸ்டீவும் அவருடைய தொழில் கூட்டாளி ஜேசன் போர்ட்டரும் கணினி மென்பொருள் எழுதுபவர்கள். அவர்கள் சேர்ந்து 2000ஆம் ஆண்டு உருவாக்கியதுதான் 'பிரண்ட்ஸ் ரீயுனைட்டட்'. பிரிந்த நண்பர்கள் மீண்டும் கூடும் இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அது வேலை செய்த விதம் மிக எளிது. ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு பள்ளியை, பிறகு பள்ளியை விட்ட ஆண்டை. உங்களோடு படித்தவர்களில் அங்கே பதிந்தவர்களின் பட்டியல் வரும். ஒவ்வொரு பெயரின் கீழும் நாலு வரி: திருமணம் ஆகிவிட்டது, இரண்டு பிள்ளைகள், இன்ன இடத்தில் வேலை. பார்ப்பதற்குக் காசில்லை. அந்தப் பெயருக்குரியவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால் ஆண்டுக்கு 5 பவுண்ட். பெயர் கண்முன்னே இருக்கும், ஆளை எட்ட முடியாது. அந்த இடைவெளியில்தான் கல்லாப்பெட்டியை வைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே ஒரு கோடிப் பேருக்கு மேல் அங்கே பதிந்திருந்தனர். பழைய காதலர்கள் சந்தித்தார்கள், குடும்பங்கள் உடைந்தன என்று பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. அந்த வம்பு நமக்கு வேண்டாம்.

நாம் கவனிக்க வேண்டியது அந்தப் படிவத்தை. பள்ளி, ஆண்டு என்ற இரண்டு கட்டங்களை நிரப்பிவிட்டால் போதும், ஒரே கட்டத்தில் விழுந்த எல்லாருக்கும் ஒரே கடந்தகாலம் என்று அது எடுத்துக்கொண்டது. நினைவு தனிமனிதச் சொத்து அல்ல, நாம் சார்ந்த குழு கொடுக்கும் சட்டகத்துக்குள்தான் நினைவு கூர்கிறோம் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925லேயே எழுதிவிட்டார். ஒரே வகுப்பறையில் இரண்டு குழுக்கள் இருந்தால் எந்தச் சட்டகம் வெல்லும்? வசதியுள்ளவர்களின் சட்டகம்தான். இங்கிலாந்தில் அந்தப் பிளவு வர்க்கமும் நிறமும். நம்மிடம் அது சாதி.

அண்ணல் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படித்திருப்பீர்கள். அதில் அவருடைய பள்ளி வருகிறது. வகுப்பில் அவருக்கென்று ஒரு கோணித்துணி. அதை அவரே வீட்டிலிருந்து கொண்டுவந்து, அவரே திரும்ப எடுத்துப் போக வேண்டும். கூட்டிப் பெருக்கும் பணியாள்கூட அதைத் தொடமாட்டார். தாகம் எடுத்தால் ஏவலர் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். ஏவலர் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. அதே பள்ளி, அதே ஆண்டு என்று பதிந்துகொண்ட இன்னொரு மாணவருக்கு இந்தக் குழாய் நினைவில் இருந்திருக்குமா? தான் குடித்த தண்ணீரை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்!

1992இல் வந்த பாமாவின் 'கருக்கு', 2005இல் வந்த கே.ஏ. குணசேகரனின் 'வடு' இரண்டையும் இந்தக் கோணத்தில் மறுபடி படித்துப் பார்க்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இரண்டிலும் பள்ளி இருக்கிறது, விளையாட்டு இருக்கிறது, சிரிப்பு நிறையவே இருக்கிறது. 'மலரும் நினைவுகள்' என்ற தலைப்பின் கீழ் மட்டும் அவற்றை வைக்க முடியாது. நமக்குப் பழைய நாட்களில் மகிழ்ச்சியே இல்லை என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்க வேண்டாம். நாம் ஆடியதும் பாடியதும் பனங்கிழங்கு சுட்டுத் தின்றதும் உண்மை. அவமானத்தை வெட்டி எடுத்துவிட்டு மகிழ்ச்சியை மட்டும் கொடு என்று நம்மிடம் கேட்கப்படுகிறதே, அதுதான் பிரச்சினை.

மீண்டும் கதைக்கு வருவோம். 2005 டிசம்பரில் ஐடிவி என்ற பெரிய தொலைக்காட்சி நிறுவனம் பிரண்ட்ஸ் ரீயுனைட்டட்டை 12 கோடி பவுண்டுக்கு வாங்கியது. தலைக்கு ஏறக்குறைய பத்துப் பவுண்ட் என்று ஒரு கோடிப் பேரின் பள்ளிக்கூட நினைவுக்கு விலை போட்டதாகக் கணக்கு. எழுதியவர்களுக்கு அதில் சல்லிக்காசு கிடையாது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் முகநூல் எல்லாருக்குமாகத் திறக்கப்பட்டது, அதுவும் இலவசமாக. ஐடிவி 2008இல் சந்தாவை எடுத்துப் பார்த்தது, பயனில்லை. 2009இல் வெறும் 2.5 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டு வெளியேறியது.

முகநூல் வந்து கெடுத்தது என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். நம் பார்வையில் அது பாதி உண்மைதான். அழிவுக்கான காரணம் அந்த அமைப்புக்குள்ளேயே இருந்தது. தேடியவர் கிடைத்த அன்றே தேடல் முடிந்துவிடுகிறது. தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு இருவரும் கிளம்பிவிடுவார்கள். ஒன்றுகூடல் நடக்கும், முதல் மணி நேரம் பழைய கதை, பிறகு பேச எதுவும் இருக்காது. சேர்ந்து செய்ய இன்று ஒரு வேலை இல்லாதவர்களுக்கு நேற்று மட்டும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

2012இல் புதிய உரிமையாளர்கள் ஒரு யோசனை செய்தார்கள். ஆளைத் தேடுவதை ஓரமாக வைத்துவிட்டு, பழைய காலத்துப் படங்களையும் நினைவுகளையும் சேர்த்து வைக்கும் இடமாக அதை மாற்றினார்கள். அதாவது உன் நண்பன் இல்லாவிட்டால் என்ன, உன் காலம் இருக்கிறதே என்றார்கள். ஆளில்லாத ஏக்கம். அதுவும் எடுபடவில்லை. கடைசியில் தொடங்கியவர்கள் கைக்கே அது திரும்பி வந்து, 2016 பிப்ரவரியில் மூடப்பட்டது.

ஆளில்லாத ஏக்கம் அங்கே விலைபோகவில்லை என்றாலும் இங்கே நன்றாகவே விற்கிறது. '90ஸ் கிட்ஸ்' என்று நம் கைபேசிகளில் சுற்றுகிறதே, அது இதே சரக்கு. தேன்மிட்டாய், தூர்தர்ஷன், வாடகைச் சைக்கிள். நாமும் தேன்மிட்டாய் தின்றவர்கள்தான். ஆனால் அந்தப் பத்தாண்டுக்குள் 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்து வீடுகளைச் சூறையாடியது இருக்கிறது. 1997 ஜூன் 30இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டது இருக்கிறது. 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த பேரணியில் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கியவர்களோடு சேர்த்து 17 பேர் இறந்தது இருக்கிறது. அம்பேத்கர் நூற்றாண்டுக்குப் பின் தலித் இலக்கியம் தமிழில் பேரலையாக எழுந்ததும் அதே பத்தாண்டில்தான். கொடியங்குளத்துப் பிள்ளையும் 90களின் பிள்ளைதான். அந்தப் பட்டியலில் அவளுடைய 90களைக் காணோம்.

இதில் இன்னொரு கேள்வி, நினைவு யார் கையில் இருக்கிறது என்பது. 2004 ஜனவரியில் கூகுள் தொடங்கிய ஆர்குட் உங்களில் மூத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பிரேசிலிலும் இந்தியாவிலும்தான் அது பெரிதாக ஓடியது. பள்ளிப் பெயரில், ஊர்ப் பெயரில், சாதிப் பெயரில் குழுமங்கள். 2006இல் மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடஒதுக்கீடு என்ற அறிவிப்பு வந்தபோது, தகுதி, திறமை என்று நம்மை ஏசியவர்கள் அங்கே கூடினார்கள். அவர்களுக்குப் பதில் எழுதிய நம் மாணவர்களும் அங்கேதான் இருந்தார்கள். சிலருக்கு அதுவே முதல் அரசியல் எழுத்து. 2014 செப்டம்பர் 30இல் ஆர்குட் மூடப்பட்டது. பொதுக் குழுமங்களின் பதிவுகளைக் கொஞ்சகாலம் பார்வைக்கு வைத்திருந்தார்கள், பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் எழுதிய பதில்களும் போயின, அவர்கள் ஏசியதற்கான சான்றும் போயிற்று. இன்று அதே ஆட்கள், 'அந்தக் காலத்தில் இணையம் எவ்வளவு பண்பாக இருந்தது' என்று பெருமூச்சு விடுகிறார்கள். மறுத்துக் காட்ட நம் கையில் தாள் இல்லை.

தாள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூனில் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1914இல் அவர் மறைந்தார். அவரைத் தமிழ்ப் பொதுவெளி முக்கால் நூற்றாண்டுக்கு மேல் மறந்தே கிடந்தது. ஆனால் அன்பு பொன்னோவியம் போன்ற பௌத்த அன்பர்கள் அந்த இதழ்களைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். ஏக்கத்தால் அல்ல, என்றாவது தேவைப்படும் என்பதால். ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்தபோது, தமிழ் அறிவுலகத்தின் வரலாற்றையே திருத்தி எழுத வேண்டிவந்தது. பழுப்பேறிய, தொட்டால் உதிரும் தாள்கள்தான் அவை. அம்பேத்கரின் அந்தப் பள்ளி நினைவும் அப்படித்தான். அவர் கைப்பட எழுதிவைத்தது, அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகத்தின் வழியாக 1990இல்தான் சிறு நூலாக வெளிவந்தது.

இந்த உரை முடிந்ததும் பின்பக்க மேசைக்கு வாருங்கள். பெரியவர்கள் சிலர் பழைய துண்டறிக்கைகளும் ஊர்வலப் படங்களும் கொண்டுவந்திருக்கிறார்கள். மாணவர்கள் அவற்றைக் கைபேசியில் படியெடுப்பதோடு நிறுத்திவிட வேண்டாம். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று பெரியவர்களிடமே கேட்டு, படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும். ஆண்டையும் ஊரையும் எழுதும்போது, தெருவையும் சேர்த்து எழுதுங்கள்.