தோள் தசைநாண் காயம்: ஸ்கேனில் என்ன தெரியும்?

தோள்மூட்டைச் சுற்றியுள்ள நான்கு தசைகளின் தசைநாண்கள் ஒன்றுசேர்ந்து மேற்கை எலும்பின் தலையைப் பொதிந்து பிடித்திருக்கின்றன. மருத்துவர்கள் ரொட்டேட்டர் கஃப் என்பது இதைத்தான். நான்கில் அடிக்கடி கிழிவது மேலே இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ். வயதாக ஆக நைந்தும் கிழியும். கீழே விழுந்தால் திடீரென்றும் அறுந்துபோகும்.

முதலில் எடுப்பது எக்ஸ்ரே. அதில் தசைநாண் தெரியாது என்றாலும் அது வீண் செலவல்ல. எலும்பு முறிவு, மூட்டுத் தேய்மானம், தசைநாணில் படிந்த கால்சியம் எல்லாம் தெரிந்துவிடும். மேற்கை எலும்பின் தலைக்கும் அதற்கு மேலுள்ள அக்ரோமியன் எலும்புக்கும் இடையே பொதுவாக 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இடைவெளி இருக்கும். அது வெகுவாகக் குறைந்திருந்தால், பெரிய கிழிசல் ஏற்பட்டு நாளாகிவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

அல்ட்ராசவுண்டில் தசைநாணை நேரடியாகப் பார்க்கலாம். அக்ரோமியனுக்கு அடியில் மறைந்திருக்கும் பகுதி வெளியே வருவதற்காகக் கையை முதுகுப் பக்கம் கொண்டுபோகச் சொல்வார்கள். கையை அசைக்கும்போதே உள்ளே நடப்பதைக் காண முடிவது இதன் தனிச்சிறப்பு. கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. முழுக் கனத்துக்கும் கிழிந்திருப்பதைக் கண்டுபிடிப்பதில், தேர்ந்தவர் செய்யும் அல்ட்ராசவுண்ட் ஏறக்குறைய எம்.ஆர்.ஐ.க்கு நிகரானது. ஆனால் ஒலியலை சாய்வாகப் பட்டால் நல்ல தசைநாண்கூடக் கிழிந்ததுபோல் கறுத்துத் தெரியும். எனவே கருவியைவிட அதைப் பிடிக்கும் கையின் பயிற்சியே முக்கியம்.

எம்.ஆர்.ஐ. படத்தில் தசைநாண் கறுப்பு. நீரை வெளிச்சமாகக் காட்டும் படவரிசைகளில், கிழிசலில் தேங்கிய நீர் வெள்ளையாகத் தெரியும். பாதிக் கிழிசலா, முழுக் கிழிசலா, அறுந்த முனை எவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது என்பதெல்லாம் புலப்படும். இவற்றைவிட அறுவை மருத்துவர் கவலையோடு தேடுவது, தசைக்குள் கொழுப்பு எவ்வளவு படர்ந்திருக்கிறது என்பதை. பிரெஞ்சு மருத்துவர் கூட்டாலியேவும் குழுவினரும் 1994இல் சி.டி. ஸ்கேனை வைத்து இதை 0 முதல் 4 வரை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள், எம்.ஆர்.ஐ.யிலும் இன்று அதுவே பயன்படுகிறது. மூன்றாம் படியில் தசையும் கொழுப்பும் சம அளவு. நான்காம் படியில் கொழுப்பே அதிகம். அந்த நிலைக்குப் போன தசை, தசைநாணைத் தைத்த பிறகும் பழையபடி திரும்புவது அரிது. தையல் விட்டுப்போகும் வாய்ப்பும் கூடுகிறது.

சிறிய பாதிக் கிழிசலோ மூட்டின் விளிம்புக் குருத்தெலும்பில் காயமோ இருப்பதாகச் சந்தேகித்தால், மூட்டுக்குள் கடோலினியம் கலந்த மருந்தைச் செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுப்பதுண்டு. எல்லோருக்கும் அது தேவைப்படாது.

படத்தில் கிழிசல் தெரிந்தாலே அதுதான் வலிக்குக் காரணம் என்று முடிவுகட்டுவது தவறு. தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1995இல் வெளியானது. அவர்களில் 34 சதவீதத்தினருக்குக் கிழிசல் இருந்தது. 60 வயதைக் கடந்தவர்களில் 54 சதவீதம். ஆகவே ஸ்கேன் அறிக்கையைப் படித்ததும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டாம். கையைத் தூக்கிப் பார்த்து, வலிமையைச் சோதிக்கும் மருத்துவரிடம் படத்தையும் காட்டுங்கள். விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் மட்டும் நாள் கடத்தாதீர்கள்.