சேலத்து அடுப்பும் ஏற்காட்டுக் குளிரும்

சேலத்தில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிக்கொண்டு ஏற்காடு பஸ்ஸில் ஏறுங்கள். பிரித்துவிட வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடிவதற்குள் அது தலையணைபோல உப்பிவிடும். சுமார் 280 மீட்டர் உயரத்திலிருந்து 1,500 மீட்டருக்கு வந்திருக்கிறோம். வெளியே காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. அதற்குள் யாராவது ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருப்பார்.

சூரியனுக்குக் கொஞ்சம் கிட்டே வந்தும் ஏன் குளிர்கிறது? 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இந்த ஒன்றேகால் கிலோமீட்டர் எந்த மூலைக்கு? காற்றுக்கு அடுப்பு காலடியில் இருக்கிறது. வெயில் காற்றை அவ்வளவாகச் சுடுவதில்லை. கடந்துபோய்த் தரையைச் சுடுகிறது, தரை காற்றைச் சுடுகிறது. சூடேறிய காற்று மேலே போகப்போக, அந்த சிப்ஸ் பாக்கெட் மாதிரியே விரிகிறது. விரியச் செலவாகும் ஆற்றலைத் தன் சூட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். ஏற்காட்டுக்கு அது கிட்டத்தட்ட எட்டு டிகிரி.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையும் தரைதானே, அது சுடாதா? சுடும். நடுப்பகலில் காபித் தோட்டத்து வெயில் நன்றாகவே உறைக்கும். ஆனால் சுற்றிலும் வெட்டவெளி. அங்கிருந்து வீசும் குளிர்ந்த காற்று அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

பள்ளிக்கூடத்தில் பூமியின் வெப்பச் சமநிலை என்று ஓர் அம்புக்குறிப் படம் வரைந்திருப்போம், மார்க் வாங்கியதும் மறந்திருப்போம். சதுர மீட்டருக்குச் சராசரியாக 340 வாட் வெயில் வருகிறது. மேகமும் பனியும் மணலுமாகச் சுமார் 100 வாட்டைத் திருப்பி அனுப்புகின்றன. மீதி 240 வாட், கடைசியில் அகச்சிவப்புக் கதிராக வெளியேறியாக வேண்டும். அதற்குப் பூமி மைனஸ் 18 டிகிரியில் இருந்தாலே போதும். தரையின் சராசரியோ 15 டிகிரி. வித்தியாசம் 33. அதைக் கிலோமீட்டருக்கான அந்த 6.5-ஆல் வகுத்தால் வருவது ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர்.

எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் இதுதான். தரை விடும் சூட்டை நீராவியும் கரியமில வாயுவும் வழியெல்லாம் விழுங்கி விழுங்கிக் கக்குகின்றன. அது தப்பித்து விண்வெளிக்குப் போவது, சராசரியாக ஐந்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து. கரியமில வாயு கூடினால் அந்த இடம் இன்னும் மேலே, இன்னும் குளிரான காற்றுக்கு நகரும். குளிர்ந்த காற்று குறைவாகத்தான் சூட்டை விடும். கணக்கு நேராகும்வரை கீழே சேலமும் சூடேறும், ஏற்காடும் சூடேறும்.

இரவில் ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்ப்பவர், அந்த ஐந்து கிலோமீட்டரில் ஏறக்குறைய ஒன்றரையைத் தாண்டியிருக்கிறார். மீதிக்கு பஸ் கிடையாது.