காவல்காரனே கைமாறினால்..? கல்லீரல் புற்றுநோயில் நம் எதிர்ப்பு செல்கள் செய்யும் வேலை!

கள்ளக்குறிச்சி என்றதும் 2024 ஜூன் மாதம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அது சில நாள்களில் நடந்த கொடுமை. ஆனால் கடையில் வாங்கும் மதுவும் ஆண்டுக்கணக்கில், சத்தமில்லாமல் கல்லீரலைக் கெடுக்கிறது.

குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அதில் வரும் கிருமிகளை விழுங்க, அங்கே 'குப்ஃபர் செல்கள்' காவல் நிற்கின்றன. 'டி செல்கள்' புற்றுநோய் செல்களைத் தேடிக் கொல்கின்றன.

காவல் எப்படிக் கெடுகிறது?

மது, ஹெபடைடிஸ் பி, சி வைரஸ், கொழுப்புக் கல்லீரல்... இவற்றால் கல்லீரல் தொடர்ந்து புண்பட்டால் தழும்பேறி, 'சிரோசிஸ்' வரும். புற்றுநோய்க்கு அதுவே விளைநிலம். கட்டி வந்தபின், காயத்தை ஆற்ற வேண்டிய விழுங்கு செல்களில் பல, கட்டிக்கே துணைபோகின்றன. அது வளரப் புது ரத்தக்குழாய்கள் உருவாகத் தூண்டுகின்றன. டி செல்களுக்கு பிரேக் போடுகின்றன. ரத்தக்குழாய் வழியே புற்றுநோய் நுரையீரல், எலும்பு வரை பரவுகிறது.

இந்த பிரேக்கை விடுவிக்கும் வழியைக் கண்டறிந்த ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கு, பிரேக்கை விடுவிக்கும் அடிசோலிசுமாப், ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவசிசுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் பலன் தருவதில்லை, செலவும் அதிகம்.

முதல் 24 மணி நேரம்

இலவசமான பாதுகாப்பு ஒன்று இருக்கிறது: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால், பச்சைக் குழந்தையின் உடலுக்கு வைரஸை விரட்டத் தெரியாது. 10-ல் 9 குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. பிறகு 6, 10, 14-வது வாரங்களில். 1984-ல் இந்தத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கிய தைவானில், குழந்தைகளிடம் கல்லீரல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது.

கல்வராயன் மலைக் கிராமங்களுக்கு இது ரொம்பவே முக்கியம். மலையில், வீட்டிலேயே பிரசவம் நடந்தால் இந்த முதல் ஊசி தவறிப்போகலாம். பிரசவ நாளுக்கு முன்பே கர்ப்பிணியை மருத்துவமனைக்கு அழைத்து வந்துவிடுவது நல்லது.

மஞ்சள் காமாலை வந்தால் கீழாநெல்லியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஹெபடைடிஸ் பி, சி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிரோசிஸ் இருந்தால் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் அவசியம். மதுவை அடியோடு விடுங்கள். காவல்காரர்கள் நம் பக்கம் இருக்கும்போதே அவர்களுக்குக் கைகொடுப்போம்!