தொட்டிக்குள் அடங்கிய செவ்வந்தி

ஒவ்வொரு ஆண்டும் குளிர்காலத்தில் திலக் நகரில் என் வீட்டுக் கதவைத் தட்டி யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை.

"சார், போன தீபாவளிக்கு தாதர்ல ஒரு செவ்வந்தித் தொட்டி வாங்கினோம். ஒரு அடி உயரம், குடை விரிச்ச மாதிரி பூ. அதே செடிதான், இந்த வருஷம் மூணு அடி வளர்ந்து சாஞ்சு கிடக்கு. பூ நாலே நாலு. நர்சரிக்காரன் ஏமாத்திட்டானா?"

இல்லை, அவர் ஏமாற்றவில்லை. நாம் வாங்கியது ஒரு செடி அல்ல. நான்கைந்து குச்சிகளை ஒரே தொட்டியில் நட்டு, கொழுந்து கிள்ளி, விளக்கையும் இருட்டையும் கணக்கிட்டு, பல இடங்களில் டாமினோசைடு போன்ற உயரத்தை அடக்கும் மருந்தும் தெளித்துத் தயாரித்த ஒரு பொருள். மருந்தின் வேலை முடிந்ததும் செடி தன் சுபாவத்துக்குத் திரும்பிவிடுகிறது.

அப்படியானால் மருந்தும் கிள்ளுதலும் இல்லாமல், சுபாவத்திலேயே தொட்டிக்குள் அடங்கிப் பூக்கும் செவ்வந்தி உண்டா? உண்டு. நம் நாட்டிலேயே அதை உருவாக்கியிருக்கிறார்கள். ரயில்வேயில் நாற்பது ஆண்டு நட்டு, போல்ட்டுடன் காலம் கழித்த எனக்கு இந்தப் பூப்பைத்தியம் பிடித்த கதையும் அதோடு சேர்ந்ததுதான்.

லக்னோவில் ஒரு மாலை

1993 டிசம்பரில் அலுவலக வேலையாக லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ.வுக்கு அனுப்பப்பட்டேன். இந்திய ரயில்வேயின் வடிவமைப்பு, தர நிர்ணயம் எல்லாம் அங்கேதான். வேலை ஒரு நாள் முன்னதாக முடிந்துவிட்டது. புஷ்பக் எக்ஸ்பிரஸுக்கு மறுநாள்தான் டிக்கெட். உடன் வந்த நண்பர், "வாங்க, சிக்கந்தர் பாக்கில் செவ்வந்திக் கண்காட்சி நடக்கிறது" என்று இழுத்துச் சென்றார்.

அங்கே இருப்பது தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம். தேசியத் தாவரவியல் தோட்டம் என்ற பெயரில் இருந்ததை 1953-ல் சி.எஸ்.ஐ.ஆர். ஏற்றுக்கொண்டது, 1978-ல் இன்றைய பெயர் வந்தது. டிசம்பர் தோறும் செவ்வந்திக்கும் கோலியஸ் செடிக்கும் கண்காட்சி நடத்துகிறார்கள். நான் போனது தட்டு அகலப் பூக்களைப் பார்க்க. என்னை நிறுத்தி வைத்ததோ ஓர் ஓரத்தில் வரிசையாக இருந்த சின்னத் தொட்டிகள். ஒவ்வொன்றும் அரைக்கோளமாக, அளவெடுத்துக் கத்தரித்ததுபோல் பூத்திருந்தது. ஒரு கொம்பு கிடையாது, ஒரு கயிறு கிடையாது.

"இதைக் கிள்ளவும் வேண்டாம், முட்டுக் கொடுக்கவும் வேண்டாம்" என்றார் அங்கிருந்த ஊழியர். ஹேமந்த் சிங்கார், சரத் சிங்கார், சுஹாக் சிங்கார், அப்ஸரா, குல்தஸ்தா என்று பெயர்ப் பலகைகள். சரத், ஹேமந்தம் என்பவை பூக்கும் பருவத்தைச் சொல்பவை. செடியே தானாகக் கிளைத்துத் தானாக உருண்டை வடிவம் எடுப்பதற்கென்று, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த ரகங்கள் அவை.

எனக்கு உடனே தோன்றியது இதுதான்: பகலில் நான் பார்த்துவிட்டு வந்த அலுவலகமும் இந்தத் தோட்டமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு புதுப் பெட்டி வேண்டுமென்றால் முதலில் நீளம், எடை, வேகம் என்று அளவுப் பட்டியல் போடுகிறோம். பிறகு தயாரித்து, ஓட்டிப் பார்த்து, தேறாததை ஒதுக்குகிறோம். தொட்டிச் செவ்வந்திக்கும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. ஆறு அங்குலத் தொட்டி, ஓர் அடிக்குள் உயரம், தானாகக் கிளைத்தல், எல்லாப் பூவும் ஒரே வாரத்தில் விரிதல், லாரியில் போனாலும் இதழ் கொட்டாமை. இத்தனையும் ஒரே செடியில் சேர வேண்டும்.

ஆறு சீட்டுக்கட்டு

சேர்ப்பது எளிதா? மனிதர்களாகிய நமக்குக் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிதான். தோட்டச் செவ்வந்திக்குப் பெரும்பாலும் ஆறு தொகுதி. தொகுதிக்கு ஒன்பதாக மொத்தம் 54. நம் ஹார்பர் லைன் லோக்கலில் மடியில் பெட்டியை வைத்து ரம்மி ஆடுகிறார்களே, அவர்கள் ஆறு கட்டுகளைக் கலந்து ஆடினால் எப்படியிருக்கும்? அப்படித்தான் ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கை. போதாததற்கு, ஒரு செடியின் மகரந்தம் அதே செடியில் விதை பிடிப்பது அரிது. வேறு செடி வேண்டும்.

நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான சின்னப் பூக்களின் கூட்டம். வெளியே இதழ்போல் நீண்டிருப்பவை பெண் பூக்கள். நடுவில் மஞ்சள் கண்ணாகத் தெரிபவற்றில் ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும். ஆகவே தாய்ச்செடியில் நடுக்கண்ணை நீக்கிவிட்டு, நீண்ட இதழ்களைக் கத்தரியால் அடியோடு ஒட்ட வெட்டுவார்கள். அப்போதுதான் உள்ளே மறைந்திருக்கும் சூல்முடி வெளியே தெரியும். தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்துத் தடவி, காகித உறை போட்டு மூடிவிடுவார்கள். விதை முற்ற ஏறக்குறைய இரண்டு மாதம். அந்த நாற்றுகளில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு தேறினாலே பெரிது. தேறியதைக் குச்சி வெட்டிப் பெருக்கி, மறு வருஷம், அதற்கும் மறு வருஷம் நட்டுப் பார்க்க வேண்டும். கடைக்கு வரச் சுலபமாகப் பல ஆண்டுகள் ஆகிவிடும்.

இன்னொரு வழி நம் வாசலிலேயே இருக்கிறது. செம்பூரிலிருந்து சற்றுத் தள்ளி டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம். அணு என்றால் மின்சாரம், குண்டு என்றுதான் பலர் நினைக்கிறோம். கதிர்வீச்சால் பயிர்களில் புது ரகம் எடுப்பதும் அங்கே நடக்கும் வேலை. 1985-ல் மகாராஷ்டிரத்துக்கென வெளியான டி.ஏ.யு.-1 என்ற உளுந்து ரகம் அங்கிருந்து வந்ததுதான். நம் வீட்டு இட்லியில் டிராம்பேயின் பங்கும் இருந்திருக்கலாம்!

செவ்வந்தியில் இந்த முறையை லக்னோக்காரர்கள் விரிவாகச் செய்தார்கள். வேர் பிடித்த குச்சிகளைக் கோபால்ட்-60 கதிரில் காட்டுவார்கள். அளவு 1,500 முதல் 2,500 ராட் வரை. கூடினால் செடி செத்துப்போகும். பலனாக இளஞ்சிவப்புச் செடியில் திடீரென்று ஒரு மஞ்சள் கீற்று தெரியும். ஆனால் அந்த மாற்றம் பூவில் ஒரு மூலையில் மட்டும் இருந்தால், குச்சி வெட்டி அதைப் பிரித்தெடுக்க முடியாது. அதனால் நிறம் மாறிய அந்த இதழையே எடுத்துத் திசு வளர்ப்பில் முழுச்செடியாக்கிக் காட்டினார்கள்.

விளக்கும் இருட்டும்

சரி, ரகம் கிடைத்துவிட்டது. பசுமைக்குடிலில் அதை எப்படி வேண்டிய தேதிக்குப் பூக்க வைப்பது? 1920-ல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் ஓர் உண்மையை வெளியிட்டார்கள்: சில செடிகள் பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கின்றன. செவ்வந்தி நீண்ட இருட்டைக் கேட்கும் செடி. நடு இரவில் சிறிது நேரம் விளக்குப் போட்டால் போதும், "இன்னும் நாள் வரவில்லை" என்று இலையாகவே வளரும். விளக்கை நிறுத்தினால் அன்றிலிருந்து கணக்கு ஆரம்பம். தொட்டி ரகங்கள் பெரும்பாலும் எட்டிலிருந்து பத்து வாரத்தில் பூத்துவிடும். நம் சிக்னல் மாதிரிதான்: விளக்கு எரிந்தால் நில், அணைந்தால் புறப்படு.

வட நாடுகளில் கோடையில் பகல் மிக நீளம் என்பதால் கறுப்புத் துணியால் மூடி இருட்டு உண்டாக்குகிறார்கள். நம் தெற்கில் பிரச்சினை நேர்மாறு. ஆண்டு முழுவதும் இரவு போதுமான நீளம் இருப்பதால், பல ரகங்கள் வளர்வதற்கு முன்பே மொட்டு வைத்துவிடும்.

இதை என் மைத்துனர் மகன் பாடமாகப் படித்தான். ஓசூர் அருகே வங்கிக் கடன் வாங்கிப் பசுமைக்குடில் போட்டான். வெளிநாட்டு ரகம், நாற்றின் விலையிலேயே உரிமைத் தொகையும் சேர்த்துக் கொடுத்தான். குச்சி எடுக்கும் தாய்ச்செடிகளை இரவு விளக்கில் வைத்திருந்தான். ஒரு மழைக்காலத்தில் தொடர்ந்து பல இரவுகள் மின்சாரம் இல்லை. தாய்ச்செடிகள் எல்லாம் "புறப்படு" என்று எடுத்துக்கொண்டு மொட்டு வைத்துவிட்டன. மொட்டு வைத்த குச்சி நாற்றுக்கு உதவாது. அந்த வருஷத் தீபாவளி விற்பனை போயிற்று. "மாமா, எனக்குப் பூ வராம நஷ்டமில்ல, பூ சீக்கிரமா வந்து நஷ்டம்" என்று போனில் சொன்னான். சிரிப்பதா, ஆறுதல் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வருஷம் முதல் வேலையாக ஜெனரேட்டர் வாங்கினான்.

நம் தட்பவெப்பத்துக்கும் நம் இரவுக்கும் ஏற்ற நம் ரகம் ஏன் வேண்டும் என்பது அன்று எனக்கு விளங்கியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த கோ-1, கோ-2 போன்றவை மாலைக்கும் கூந்தலுக்குமான உதிரிப் பூ ரகங்கள். தொட்டி ரகங்களில் இன்னும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

யாருடைய பூ?

எங்கள் ஊர் திருச்சி. அப்பா பொன்மலைப் பட்டறையில் வேலை பார்த்தார். மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் பெயர். சாரமா முனிவர் நாகலோகத்திலிருந்து செவ்வந்தி கொண்டுவந்து நந்தவனம் வைத்தார். அந்தப் பூவை ஒருவன் திருடி உறையூர் அரசனிடம் சேர்த்தான். முனிவர் முறையிட, இறைவன் கோபித்து உறையூர்ப் பக்கம் திரும்பினார், ஊர் மண்மாரியில் மூழ்கியது. இதுதான் தலபுராணக் கதை. தாவர நூலார் செவ்வந்தியின் பிறப்பிடம் சீனம் என்பார்கள். எந்த லோகமானாலும், வளர்த்தவன் ஒருவன் இருக்க வேறொருவன் பறித்துப் போவது அன்றும் வழக்குத்தான்.

இன்று இதற்குச் சட்டம் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் தாவர ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி புது ரகம் உண்டாக்கியவர் அதைப் பதிவு செய்துகொள்ளலாம். செவ்வந்தி போன்ற பயிருக்குப் பதினைந்து ஆண்டு வரை பாதுகாப்பு. அதே சட்டம், உழவர் தன் விளைச்சலையும் விதையையும் சேமிக்க, பரிமாற, விற்க உள்ள உரிமையையும் காக்கிறது. பெயர்ச் சீட்டு ஒட்டி வணிகமாக விதை விற்பது மட்டும் கூடாது.

என் ஒரே ரகம்

2019-ல் ஓய்வு பெற்றேன். மறு ஆண்டு டிசம்பரில், மனைவியின் சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு கேலரியில் உட்கார்ந்தேன். வெள்ளைத் தாய், ஊதாத் தந்தை. கிடைத்த விதை இருபத்துமூன்று, முளைத்தது பதினொன்று, கோடையைத் தாண்டியது ஏழு. நவம்பர் வந்தும் அதில் இரண்டு மொட்டே வைக்கவில்லை. காரணம் தேடி ஒரு வாரம் யோசித்தேன். அவற்றின் தலைக்கு மேலே இரவெல்லாம் எரியும் எங்கள் வாசல் ட்யூப்லைட்! சிக்னல் பாடம் சொல்லும் ஆசாமி, தானே சிவப்பு விளக்கைப் போட்டுவைத்திருந்தேன்.

மற்ற ஐந்தில் ஒன்று ஒன்பது அங்குல உயரத்தில், கொம்பில்லாமல், மங்கிய ரோஜா நிறத்தில் முப்பது பூப் பூத்தது. கண்காட்சிக்கு எடுக்கும் தரமில்லை. ஆனாலும் உலகில் வேறெங்கும் இல்லாத செடி. கீழ்வீட்டு மராட்டியப் பெண்மணி ஆசையாகக் கேட்டார். இரண்டு குச்சி வெட்டிக் கொடுத்தேன். 2022 மார்ச்சில் அவர்கள் கட்டடப் புனர்நிர்மாணத்துக்காக வீட்டைக் காலி செய்து பத்லாபூர் போனார்கள். அந்த ஜூலை மழையில் என் தொட்டியில் தண்ணீர் நின்று வேர் அழுகி, செடி போயிற்று. வேறு பிரதி நான் வைக்கவில்லை. ஒரு ரகம் என்பது ஒரே செடியின் குச்சிகள்தான். அது போனால் மறுபடி அந்தச் சீட்டு விழாது. எதிலும் மாற்று ஏற்பாடு வேண்டும் என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன், ஒரே தொட்டியை நம்பியிருந்தேன்.

டிசம்பரில் போன் வந்தது. "காகா, உங்க ஷேவந்தி பூத்திருக்கு!" என்றார் பத்லாபூரிலிருந்து. ஞாயிற்றுக்கிழமையே ரயிலேறிப் போய் நான்கு குச்சி வெட்டிக்கொண்டு வந்தேன்.

வாசகர்களுக்குச் சில குறிப்புகள்

பூத்து முடிந்ததும் தண்டை நான்கு அங்குலம் விட்டு வெட்டுங்கள். அடியில் வரும் பக்கக் கன்றுகளைப் பிரித்துத் தனித்தனியாக நடுங்கள். ஆகஸ்டு வரை ஓரிரு முறை கொழுந்து கிள்ளுங்கள். கிள்ள வேண்டாத ரகம் என்றால் விட்டுவிடுங்கள். மழையில் தொட்டியைக் கூரைக்கடியில் வையுங்கள், தண்ணீர் நிற்கக் கூடாது. செப்டம்பர் முதல் இரவு விளக்கு படாத மூலையாகப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல செடி கையில் இருந்தால் இரண்டு குச்சி பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். என் அனுபவத்தில் அதுதான் மிக மலிவான இன்ஷூரன்ஸ்.