கடைக்கால் தோண்டும்போதே கேளுங்கள்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால் நாமக்கல் மாவட்டத்து மலையூரான சோளக்காடு. மிளகும் பலாவும் அன்னாசியும் சந்தைக்கு வரும் இந்த ஊரில், சரிவை வெட்டி ஓடையை மூடி ஒரு கட்டடம் எழுந்தால், அடுத்த அடைமழையில் மண் போய் விழுவது கீழே இருப்பவர் தோட்டத்தில். அதனால் கேட்கும் உரிமை அக்கம்பக்கத்தாருக்கு உண்டு.

அனுமதி இருக்கிறதா?

கட்டடம் பெரிதாக இருப்பதாலேயே விதிமீறல் ஆகிவிடாது. அனுமதி உண்டா, எத்தனை மாடிக்கு என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது: 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். மலை கிராமங்கள் பலவற்றில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடும் உண்டு; உங்கள் வருவாய்க் கிராமம் அந்தப் பட்டியலில் உள்ளதா என்றும் கேளுங்கள்.

யாரிடம் போவது?

* பட்டா நிலத்தில் அனுமதியில்லாக் கட்டடம்: ஊராட்சி, செம்மேட்டில் உள்ள ஒன்றிய அலுவலகம், மாவட்ட நகர் ஊரமைப்புத் துறை அலுவலகம்.
* புறம்போக்கு, ஓடை, பாதை: கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார். இதற்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் உள்ளது.
* காட்டு நிலம்: வனச்சரக அலுவலகம்.

எங்கும் நகராவிட்டால் நாமக்கல்லில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம், 1100 என்ற அரசு உதவி எண்ணுக்கும் அழைக்கலாம்.

மனுவில் என்ன எழுதுவது?

"மேட்டுத் தோட்டத்துக்குப் பக்கத்தில் கட்டுகிறார்கள்" என்று எழுதினால் அலுவலர் தேடி வரமாட்டார். சர்வே எண், ஊர்ப்பெயர், வேலை தொடங்கிய நாள், இப்போது எந்த நிலை என்று எழுதுங்கள். அரசின் இணையச் சேவையில் அ-பதிவேட்டைப் பார்த்தால் நிலம் பட்டாவா புறம்போக்கா என்பது தெரியும். பொதுப் பாதையில் நின்று தேதியோடு படம் எடுங்கள். அடுத்தவர் நிலத்துக்குள் நுழையவோ கொத்தனாரிடம் சண்டை போடவோ வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். வரப்புத் தகராறு மனுவில் கலந்தால் மனுவே நீர்த்துப்போகும். நாலைந்து பேர் கையெழுத்திட்டால் ஒருவர்மேல் பகை விழாது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

கிராம சபையிலும் எழுப்பலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை சபை கூடும் நாட்கள். பேசியது தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

ஏன் சீக்கிரம்?

1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, நடக்கும் வேலையை நிறுத்தச் சொல்ல 57-ஆம் பிரிவும், கட்டியதை அகற்றச் சொல்ல 56-ஆம் பிரிவும் உள்ளன. நிறுத்துவது எளிது, இடிப்பது வருடக்கணக்கில் இழுக்கும். கொடைக்கானலில் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் அனுமதிக்கு மேல் மாடிகளை எழுப்பியது. 1994-இல் அரசு அதற்கு விதிவிலக்கும் தந்தது. பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில் என்ற அமைப்பு வழக்குத் தொடுத்தது. உயர் நீதிமன்றத்தைத் தாண்டி 1995-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் மலைக்கு நியாயம் கிடைத்தது.

தளம் போட்ட பிறகு கேட்டால் வக்கீல் வேண்டும். கடைக்கால் தோண்டும்போது கேட்டால் ஒரு வெள்ளைத்தாள் போதும்.