பை வாங்கும் முன் அனுமதி வாங்குங்கள்

வெள்ளிக்கிழமை மாலையானால் கடலூர் மாவட்டம் ஸ்ரீமுஷ்ணம் பேருந்து நிலையத்தில் புதுப் பையும் புது ஷூவுமாக நாலு பையன்களாவது நிற்கிறார்கள். விருத்தாசலம் ஜங்ஷனில் சேலம் ரயிலைப் பிடித்து ஏற்காடோ கல்வராயனோ போகிற கூட்டம். அதில் ஒருவன் மலைக்கே புதுசு. டார்ச், பவர் பேங்க், பிஸ்கட் எல்லாம் சரிபார்க்கிறார்கள். அனுமதி வாங்கியாச்சா என்று கேட்டால், “இன்ஸ்டாகிராம் குரூப்புண்ணே, ஜிபேல பணம் போட்டாச்சு” என்று பதில் வருகிறது. பணம் கட்டியது யாரோ ஒருவருக்கு. காடு அவர் வீட்டுச் சொத்தா?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் இதே போல வார இறுதிக்குக் கிளம்பிப் போனவர்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. விதி போட்டவர்கள் அதை ஊருக்குச் சொல்ல மெனக்கெடவில்லை. ‘அத்துமீறி நுழையாதே’ என்று பலகை வைக்கத் தெரிகிறது. அனுமதி எங்கே கிடைக்கும் என்று இன்னொரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

சரி, எங்கே கிடைக்கும்? வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அறிவித்தார்கள். எளிது, மிதமானது, கடினம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். புதியவன் கூட வந்தால் எளிது என்று போட்டிருப்பதைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். வருகிற ஒவ்வொருவர் பெயரிலும் பதிவு வேண்டும். “நான் புக் பண்ணிட்டேன், நீ சும்மா கூட வா” என்பதெல்லாம் செல்லாது. பதிவுச் சீட்டை அச்செடுத்து, அசல் அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம். வழக்கமாகப் பாதைகளை மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் “நான் கூட்டிப்போகிறேன்” என்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பட்டியலில் இல்லாத காட்டுப் பாதையா? அந்த மலை எந்த மாவட்டமோ, அங்குள்ள மாவட்ட வன அலுவலருக்கு மனு எழுத வேண்டும். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயனுக்குக் கடலூர் அலுவலகத்தில் போய் நின்று புண்ணியமில்லை. போகிறவர்களின் பெயர், வயது, கைபேசி எண், ஏறும் இடம், இறங்கும் இடம், நாள், நேரம் எல்லாம் மனுவில் இருக்கட்டும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். “போய்ட்டு வாங்க தம்பி” என்று அதிகாரி வாயால் சொல்வது அனுமதி ஆகாது. சோதனைச் சாவடியில் ரசீதில்லாமல் கைமாறும் பணமும் அனுமதி ஆகாது. காப்புக்காட்டுக்குள் அத்துமீறுவது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயமென்றால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். பிடிபட்டால் உங்களை நம்பி வந்த புதியவன் மேலும்தான் வழக்கு.

காசு வாங்கியவர் கம்பி நீட்டிவிட்டால் விதியே என்று விட்டுவிடுகிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். தீரவில்லையென்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; ஏமாற்றியவர் சென்னையில் இருந்தாலும் சரி. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பயண விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் போன ரசீது மூன்றும் அழியாமல் இருக்கட்டும். கோபத்தில் குரூப்பை விட்டு வெளியேறி, பேச்சையெல்லாம் அழித்துவிட்டு வந்து நிற்காதீர்கள்.

கிளம்பும் முன் புதியவனிடம் இழுப்பு, வலிப்பு, சர்க்கரை உண்டா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். போகும் பாதை, வழிகாட்டியின் எண், திரும்பும் நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவன் வீட்டில் கொடுத்துவிடுங்கள். குறித்த நேரம் தாண்டியும் ஆள் வராவிட்டால் 112-ஐ அழைத்து, அந்தத் தாளில் இருப்பதை அப்படியே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.