அயலார் தீட்டிய வழிபாட்டு ஓவியங்கள்

வேலூர்க் கோட்டையினுள் அமைந்த சலகண்டேசுவரர் கோயில், விசயநகரக் காலச் சிற்பத்திறனுக்குச் சிறந்த சான்றாகும். அதன் கலியாண மண்டபத்துத் தூண்களைக் கண்டு வியவாதார் இலர். ஆயினும், அக்கோயில் நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்தது. 1981-ஆம் ஆண்டிலேயே இலிங்கம் மீண்டும் நிறுவப்பெற்றது. ஆதலின், கும்பினியார் ஆட்சியில் அதனை வரைந்த அயலார் எவராயினும், அவர் வரைந்தது கல்லையேயன்றி வழிபாட்டையன்று. அத்தகைய ஓவியங்களைச் சான்றாகக் கொள்வது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தாமசு தானியல், அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியம் ஆகிய ஆங்கில ஓவியர் இருவரும் 1792-இல் தமிழகத்திற் பயணம் செய்தனர். தஞ்சைப் பெரிய கோயிலும் மதுரைப் புதுமண்டபமும் அவர்தம் படங்களில் இடம்பெற்றன. அவர்கள் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட கீழை நாட்டுக் காட்சித் தொகுதிகள் 144 படங்களைக் கொண்டவை. கட்டட வடிவை அறிய அவை பெரிதும் பயன்படும். கருவறை வழிபாட்டை அறியப் பயன்படா.

சமயம் ஒன்றாயின் இக்குறை நீங்கும் எனக் கருதலாமோ? உருசிய நாட்டுத் தூதரக அலுவலர் பாவெல் சுவினின் 1811 முதல் 1813 வரை அமெரிக்காவில் வாழ்ந்தவர். அவர் கொணர்ந்த நீர்வண்ண ஓவியங்களுள் ஒன்று, பிலதெல்பியா நகர்க் கருப்பின மெதடிசுத்தர் கூடி வழிபடுவதைக் காட்டுவது. சுவினினும் கிறித்தவரே. எனினும், மரபுவழித் திருச்சபையைச் சார்ந்த அவர், 1815-இல் வெளியிட்ட பயணநூலில் அம்மக்களின் வழிபாட்டை ஏளனத்தோடே குறித்தார். மேலும், அவர் தொகுப்பிலுள்ள அவ்வோவியம் முதலியன, அந்நகரில் வாழ்ந்த செருமானிய ஓவியர் சான் லூயி கிரிம்மல் வரைந்தவை எனப் பின்னர் ஆராய்ச்சியாளர் கண்டனர். பயணியின் நேர்க்காட்சி என நெடுநாள் கொண்டது பிறர் கைவண்ணமாயிற்று.

இவற்றால் பெறப்படுவன மூன்று. வரைந்தவர் யார் என்பதை முதற்கண் துணிதல் வேண்டும். அவர் எங்கு நின்று, எம்மனநிலையோடு கண்டார் என்பதை அடுத்து ஆய்தல் வேண்டும். அவர் கண்ட நாளில் அவ்விடம் எந்நிலையில் இருந்தது என்பதை இறுதியாக வரலாறு கொண்டு தெளிதல் வேண்டும். இம்மூன்றும் தெளியாது, ஓவியத்தில் விழாவைக் காணாமையால் அக்கோயிலுக்கு விழாவே இல்லை என முடிவு செய்வது பிழையாகும். ஓவியம் காட்டாததைக் கல்வெட்டும் இலக்கியமும் காட்டக்கூடும். மூன்றையும் ஒப்புநோக்குதலே ஆராய்வார் கடன்.